ரிப்பன் வெட்டும்வரை

பத்து மணிக்கு ரிப்பன் வெட்ட வேண்டிய கதவில், ஒன்பதேகாலுக்கு ஒரு செத்த மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கறுப்புக் கரை போட்ட அஞ்சலித் தாள். நடுவில் தொப்பி வைத்த படம். கீழே, “எங்கள் டோச்சோ பிரிந்து ஓராண்டு.” ஸ்விலென் அதைக் கார் சாவியால் சுரண்டிக்கொண்டிருந்தான். மாவுப் பசை காய்ச்சி ஒட்டியிருக்கிறார்கள். தொப்பி வந்துவிட்டது, மூக்கு வர மறுத்தது. இந்த ஊரில் மரம், கம்பம், பேருந்து நிறுத்தம் எதையும் அஞ்சலித் தாள் விட்டுவைப்பதில்லை. நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், வருஷம் என்று செத்தவர்கள் முறைவைத்துத் திரும்பி வந்துகொண்டே இருப்பார்கள். அப்படியிருக்க, புதுப் பெயின்ட் அடித்த கதவு ஒன்று பூங்கா நடுவில் மூன்று மாதமாகச் சும்மா நின்றால் யார்தான் விடுவார்கள்?

ஜோரா குடியிருப்பின் முதல் பொதுக் கழிப்பறையின் கதவு அது. திறந்துவைக்க வருகிறவர் துணை மேயர், பொறியாளர் பக்கர்ஜியேவ். பெயருக்கு முன்னால் ‘பொறியாளர்’ போடாமல் அவரைக் கூப்பிட்டவர்கள் நகராட்சியில் இரண்டாவது முறை கூப்பிட்டதில்லை. அவர் வந்து, ரொட்டியையும் உப்பையும் தொட்டு, ரிப்பன் வெட்டி, பேசி, பேச்சின் கடைசியில் பசுமைப் பரப்புத் துறைக்குப் புதிய தலைவர் யார் என்று அறிவிப்பார். அது ஸ்விலென்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோரும் என்றால், ஸ்விலெனும் துணை மேயரின் செயலாளர் டெனிட்சாவும். பதினாறு வருஷமாக அவன் துணைத் தலைவர். பதினாறு வருஷமாக அந்தத் தலைவர் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அதன் சக்கரம் எந்தப் பக்கம் கிறீச்சிடும் என்பதுவரை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருந்தான்.

அந்த நாற்காலியை அவன் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது ஒரு சட்டம். அதுவரை பூங்காவில் விளையாடும் பிள்ளைகளுக்கு அவசரம் என்றால், அம்மாக்கள் ஓரத்திலிருந்த பெரிய கஷ்கொட்டை மரத்தடிக்குத் தூக்கிப் போய், தொடையைப் பிடித்துத் தொங்கவிட்டு, “உஸ்ஸ்… உஸ்ஸ்” என்பார்கள். அரை நிமிஷத்தில் வேலை முடியும். ஸ்விலென் இதற்குப் பதினோரு பிரிவில் ‘சிறார் உடலியல் தேவை ஒழுங்குமுறை’ எழுதினான். ஐந்தாம் பிரிவு அவனுக்கே ரொம்பப் பிடித்தது: “உடன் வரும் பெரியவர், சிறாரின் தேவையை முன்கூட்டியே உணர்ந்து செயல்படக் கடமைப்பட்டவர்.” மரத்தடியில் பலகை நட்டான், மீறினால் அபராதம் என்றான். மழலையர் பள்ளிகளுக்கு வழவழ தாளில் ஒரு புத்தகம் அச்சடித்துக் கொடுத்தான். அதில் ஒரு முள்ளெலி காலை இடுக்கிக்கொண்டு எட்டுப் பக்கம் கழிப்பறை தேடி ஓடும். அம்மாக்கள் அவனுக்கு மூத்திர மந்திரி என்று பட்டம் கட்டினார்கள். கட்டட்டும். மூன்று மாதத்தில் மரத்தடிச் சம்பவங்கள்: பூஜ்யம். அந்த அறிக்கை அவன் கோட்டுப் பையில் இருந்தது.

பையில் கழிப்பறைச் சாவியும் இருந்தது. அந்தச் சாவிக்கும் ஸ்விலெனுக்கும் மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. உள்ளே பளபளவென்று பீங்கான் இருந்தது, கண்ணாடி இருந்தது, கைகழுவும் தொட்டி இருந்தது. தண்ணீர் இல்லை. கழிவுக் குழாயும் இல்லை. பீங்கான் வெறும் சிமென்ட் தரைமேல் உட்கார வைக்கப்பட்டிருந்தது. இணைப்புக்குத் தண்ணீர்த் துறையிலிருந்து ஒரு கையெழுத்து வர வேண்டும். கையெழுத்துக்காரர் விடுப்பில் இருந்தார். ஆகவே திட்டம் இது: ரிப்பன் வெட்டு, கதவை மூன்று விரல் திற, புகைப்படம் எடு, பூட்டு. ‘தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று தொடங்கும் அட்டைகூடத் தயார்.

“அப்பா,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “ஒண்ணுக்கு வருது.”

ஸ்விலென் திரும்பாமலே கேட்டான். “வீட்டுல போனேல்ல?”

“போனேன்.”

“அப்புறம் எப்படி வரும்?”

“போஸா குடிச்சேன்ல. முழு பாட்டில்.”

இப்போது திரும்பினான். அவன் மகள் ரலி, நாலரை வயது, பாரம்பரிய உடையில் பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றாள். உள்ளே லினன் சட்டை, மேலே கம்பளி அங்கி, முன்னால் ஓர் ஏப்ரன், பின்னால் ஓர் ஏப்ரன், எல்லாவற்றையும் பிடித்துக் கட்டிய மூன்று மீட்டர் சிவப்பு இடுப்புக் கச்சை. விருந்தினருக்கு ரொட்டியும் உப்பும் நீட்டப்போகிறவள் அவள்தான். கலாச்சார மன்றத்திலிருந்து கடன் வாங்கிய உடை. ஒரு சொட்டு ஈரம் பட்டாலும் சிவப்பு ஓடிவிடும் என்று மன்றக் காப்பாளர் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். கச்சையைக் காலை ஆறு மணிக்குச் சுற்றிவிட்டவள் ரலியின் அம்மா. அவள் நர்ஸ், கட்டுப் போட்டுப் பழகிய கை. சுற்றிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

ரலி வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறினாள். இடது காலிலிருந்து வலது காலுக்கு.

“கொஞ்ச நேரம் அடக்கிக்கோ, கண்ணு. ரிப்பன் வெட்டின உடனே.”

“உன்கிட்ட சாவி இருக்கே.”

“அது… திறக்கறதுக்கு இல்லம்மா. விழாவுக்கு.”

ஐந்தாம் பிரிவு அவன் காதருகே மெல்லத் தொண்டையைச் செருமியது. மிச்சமிருந்த மூக்கை ஒரே இழுப்பில் கிழித்துக் கசக்கிப் பையில் திணித்துக்கொண்டு டெனிட்சாவுக்குப் போன் போட்டான்.

“கிளம்பிட்டாரா?”

“கிளம்பிட்டார், ஆனா உங்ககிட்ட இல்ல,” என்றாள் டெனிட்சா. “பொறியாளர் ஐயா இப்போ ஒரு வேகத்தடையத் திறந்து வச்சிட்டிருக்கார்.”

“வேகத்தடையவா? அதை எப்படித் திறப்பாங்க?”

“மேல ஏறி நின்னு பேசறார். அதுக்கு முன்னாடி ஒரு பெஞ்சைத் திறந்தாரு. எல்லா இடத்துலயும் காபி குடுத்து உக்கார வச்சிடறாங்க. பத்தரை ஆகும்னு வச்சுக்கோங்க.”

பத்தரை. ஸ்விலென் மகளைப் பார்த்தான். அவள் இப்போது இரண்டு முழங்கால்களையும் ஒட்டி வைத்து, பெரிய யோசனையில் இருப்பவள்போல வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிலை அவனுக்கு நன்றாகத் தெரியும். புத்தகத்தில் ஐந்தாம் பக்கத்துப் படத்துக்கு அவன்தான் அப்படி வரையச் சொன்னான்.

ரொட்டியை ஒரு கையிலும் மகளை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு, இரண்டு பக்கமும் பார்த்தபடி, கஷ்கொட்டை மரத்தை நோக்கி நடந்தான். முதலில் நடந்தான். பிறகு ஓடினான். மின்மாற்றிப் பெட்டி மறைக்கும் இடம், யாரும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பின் பிள்ளைகள் பயன்படுத்திய வேர்.

“சீக்கிரம். இங்கயே ஒண்ணுக்கு இருந்துடு.”

ரலி மரத்தைப் பார்த்தாள். மரத்தின் முன்னால் நட்டிருந்த பலகையைப் பார்த்தாள். பலகையில் முள்ளெலி ஒரு விரலை நீட்டி எச்சரித்துக்கொண்டிருந்தது. அவள் மோவாயை மேலே வெட்டி, நாக்கால் ‘த்ச்’ என்றாள். நம்மூரில் அதற்குமேல் உறுதியாக ‘முடியாது’ சொல்ல வழியில்லை.

“முள்ளெலி போக மாட்டான்.”

“முள்ளெலிக்கு இவ்வளவு அவசரம் இல்லம்மா.”

“இருந்துச்சு. ஆறாம் பக்கத்துல அழுதான். அப்பவும் போகல. நீதான எழுதின?”

“இன்னிக்கு மட்டும் அப்பா அனுமதி தரேன்.”

“அபராதம் யாரு கட்டுவா?”

“அப்பா கட்டுவேன்.”

“யார்கிட்ட?”

ஸ்விலென் யோசித்தான். “அப்பாகிட்ட.”

ரலி மறுபடி மோவாயை வெட்டினாள். இதற்குள் அவன் கச்சையின் நுனியைக் கண்டுபிடித்து இழுக்க ஆரம்பித்திருந்தான். அவள் பம்பரம்போல ஒரு சுற்று சுற்றினாள், இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் கச்சை அவன் கைக்கடிகாரத்தில் மாட்டியது. அவள் அழத் தொடங்கினாள். அழுதால் அடக்க முடியாது என்று சட்டென்று உணர்ந்து அழுகையை நிறுத்தினாள். நகராட்சியில் அப்படியொரு கட்டுப்பாடு யாரிடமும் கிடையாது. மகளை இவ்வளவு நன்றாக வளர்த்ததற்காக ஸ்விலென் தன்னையே சபித்துக்கொண்டான்.

பூங்கா மூலையில் ஜெக்கோவின் காபிக் கடை. பாதி அவிழ்ந்த கச்சை தரையில் படாமல் கழுத்தில் போட்டுக்கொண்டு, மகளைத் தூக்கி, ரொட்டியை அக்குளில் இடுக்கி, உள்ளே நுழைந்தான்.

“ஜெக்கோ, ஒரு காபி. பாத்ரூம் எங்க?”

ஜெக்கோ கண்ணாடிக் குவளையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. “காபி இங்க இருக்கு. பாத்ரூம் இல்ல.”

“இல்லன்னா? போன வருஷம் இருந்துச்சே?”

“போன வருஷம் உன் சட்டம் இல்லையே, மந்திரி. பலகை வச்ச அன்னிக்கு ஒரு அம்மா வந்து ஒரு காபி வாங்கி, நாலு பிள்ளைங்களை உள்ள அனுப்பினா. நாலும் அவ பிள்ளைங்க இல்ல. நான் பூட்டுப் போட்டேன். சாவியத் தொலைச்சேன். வேணும்னேதான் தொலைச்சேன்.” அவன் ரலியைப் பார்த்தான், முகம் சற்று மாறியது. “எதுக்கு இவளை இழுத்துக்கிட்டு அலையற? மின்கா அத்தை வீட்டுக்குப் போயேன். எல்லாரும் அங்கதான போறாங்க.”

“எல்லாரும்னா?”

“பிளாக் நாலு, தரைத்தளம். மணிக்குக் கீழ பெட்டி இருக்கும். மூணு மாசமா இந்தக் குடியிருப்பே அங்கதான் போகுது. நீதான ஏதோ அறிக்கை எழுதினயாமே, உனக்குத் தெரியாதா?”

ஸ்விலெனுக்குத் தெரியாது. அறிக்கையில் பூஜ்யம் என்று எழுதியவனுக்கு, பூஜ்யம் எப்படி வந்தது என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றுதான் இதுவரை நினைத்திருந்தான்.

பிளாக் நாலில் மணிக்குக் கீழே ஒரு பீர்ப் பெட்டி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மேல்பக்கம் சின்னச் சின்னக் காலணித் தடங்கள், தேய்ந்து பளபளத்துப்போய். ரலி அதன்மேல் ஏறி மணியை அழுத்தினாள். அழுத்தியபடியே இருந்தாள்.

கதவைத் திறந்த பெண்மணிக்கு அறுபத்தெட்டு வயதிருக்கும். தலை முதல் கால்வரை கறுப்பு. கையில் வேகவைத்த கோதுமை ஒட்டிய கரண்டி. கப்பல் கட்டும் தளத்தில் முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவள். நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கீழே இருப்பவர்களிடம் பேசிப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையை ஒரு முழ தூரத்திலும் அவள் குறைத்துக்கொள்வதில்லை.

“செருப்பைக் கழட்டு!” என்றாள் ரலியிடம். “அடக் கடவுளே, இது என்ன பொட்டலம்? யாரு கட்டினது இப்படி? வா, கையத் தூக்கு.” கரண்டியை ஸ்விலென் கையில் திணித்துவிட்டு, கச்சையின் நுனியைப் பிடித்து ஒரு சுண்டு. மிச்சமிருந்த கச்சை முழுவதும் நாலு நொடியில் தரையில் கிடந்தது. ஏப்ரன், இன்னொரு ஏப்ரன், கதவு, தாழ்ப்பாள். பிறகு, உள்ளிருந்து, இந்த உலகத்திலேயே மிக நிம்மதியான ஓசை.

ஸ்விலென் கண்ணை மூடினான். திறந்தபோது மின்கா அவன் எதிரே நின்றுகொண்டிருந்தாள். சுவரில் கறுப்புத் துணி போட்ட சட்டத்துக்குள் டோச்சோ. தொப்பியோடு. மூக்கு உட்பட.

“ஜன்னல் வழியாப் பார்த்தேன்,” என்றாள் மின்கா. “என் புருஷன் முகத்தைக் கார் சாவியால சுரண்டினது நீதான?”

“அத்தை, துணை மேயர் வர்றார். கதவுல… விதி இருக்கு…”

“விதி! பலகை வச்சது நீ. கழிப்பறையக் கட்டிப் பூட்டி வச்சதும் நீ. மரத்தடில போகக்கூடாது, கழிப்பறைக்குள்ளயும் போகக்கூடாது. அப்ப பசங்க எங்க போகும்? உன் ஆபீஸ்ல வந்து ஒண்ணுக்கு இருக்குமா? ஜன்னலைத் திறந்து வச்சிருக்கற தரைத்தளத்துக்காரி நான் ஒருத்திதான். முதல் மாசம் திட்டினேன். மணி எட்டலைன்னு ஒரு குட்டி வாசல்லயே விட்டுடுச்சு. அன்னிக்குப் பெட்டிய வச்சேன். ஒரு நாளைக்கு இருபது தடவை மணி அடிக்குது, தெரியுமா? தண்ணி யாரு ஊத்தறா? தரையை யாரு துடைக்கறா?” கரண்டியை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். “டோச்சோ போனப்புறம் இந்த வீட்டு மணிய யாருமே அடிக்கல. சரி, அது வேற கதை. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு அவருக்கு வருஷம். இந்தக் குடியிருப்புக்குக் கழிப்பறை நடத்தினது நான். கழிப்பறைக் கதவுல என் மனுஷன் ஒரு நாள் நிக்கக்கூடாதா?”

ஸ்விலெனிடம் பதினோரு பிரிவும் இருந்தன. ஒன்றும் பொருந்தவில்லை.

ரலி வெளியே வந்தாள், வேறு குழந்தையாக. “அப்பா, உள்ள உன் புத்தகம் தொங்குது. கயித்துல கட்டி.”

“அந்தத் தாள் வழவழன்னு இருக்கு, எதுக்கும் உதவாது,” என்றாள் மின்கா. “பசங்க உக்காந்துக்கிட்டுப் படம் பாக்குதுங்க. அதுக்காவது ஆச்சே.”

“அத்தை, இந்தக் கச்சைய மட்டும் கொஞ்சம் சுத்தி விட்டீங்கன்னா… பத்தரைக்கு…”

மின்கா கச்சையை எடுத்தாள். மடித்தாள். தன் அக்குளில் வைத்துக்கொண்டாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்தாள். புத்தம் புதிய இருபது டோச்சோக்கள், ஒவ்வொருவரும் முழு மூக்குடன். ஒன்றையும் பசைக் கிண்ணத்தையும் அவனிடம் நீட்டினாள்.

“முதல்ல அவர் கதவுக்குப் போகட்டும். அப்புறம் இவ இடுப்புக்குக் கச்சை.”

மணி பத்து இருபது. ஸ்விலென் கதவின் முன்னால் நின்றான். சிவப்பு ரிப்பன் காற்றில் படபடத்தது. பதினாறு வருஷம் அவன் எந்தக் கதவிலும் எதையும் ஒட்டியதில்லை, கிழித்ததுதான். பசையைத் தடவினான். சமையலறை ஜன்னலிலிருந்து குரல் வந்தது, பூங்கா முழுவதும் கேட்க.

“இடது பக்கம் தூக்கு! தூக்கு! ஐயோ, அது வலது! கப்பலையே ஏத்தியிருக்கேன், ஒரு தாளை நேரா ஒட்டத் தெரியல இவனுக்கு!”

ஜன்னலில் மின்கா இரண்டு கைகளாலும் கிரேன்காரர்களின் சைகை காட்டிக்கொண்டிருந்தாள்: மேலே, மெதுவாக, நிறுத்து. இரண்டு கட்டைவிரலும் உயர்ந்தபோது டோச்சோ நேராக, ரிப்பனுக்கு மேலே, சிரித்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் இருந்த அம்மாக்களில் ஒருத்தி கைதட்டினாள். “மந்திரி, அவருக்கும் அபராதமா?” என்றாள் இன்னொருத்தி.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கறுப்புக் கார் வந்தது. அதற்குள் கூட்டம் சேர்ந்திருந்தது. கழிப்பறைக்கு வந்தவர்கள் பாதி, டோச்சோவின் வருஷத்துக்கு வந்தவர்கள் பாதி. யார் எதற்கு வந்தவர் என்று யாருக்கும் விளங்கவில்லை, அவர்களுக்கே விளங்கவில்லை. பொறியாளர் பக்கர்ஜியேவ் இறங்கினார். ரலி, இடுப்பில் கச்சை நூல் பிடித்ததுபோல நேராகச் சுற்றப்பட்டு, ரொட்டியை நீட்டினாள். அவர் ஒரு துண்டு பிய்த்து, உப்பில் தொட்டு, வாயில் போட்டு, நிமிர்ந்து கதவைப் பார்த்தார். கதவு அவரைப் பார்த்தது.

“இது யாரு?” என்றார் மெல்லும் வாயோடு.

ஸ்விலென் வாயைத் திறப்பதற்குள் மின்கா முன்னால் வந்து, சர்க்கரைத் தூள் தூவிய கோதுமைக் கிண்ணம் ஒன்றை அவர் கையில் வைத்தாள். உள்ளூர்த் தொலைக்காட்சியின் கேமரா அவர்கள் பக்கம் திரும்பியது. செத்தவருக்கான கோதுமையை வேண்டாம் என்று சொல்லித் தேர்தலில் நின்றவர் நாட்டில் யாரும் கிடையாது.

“கடவுள் அவரை மன்னிக்கட்டும்,” என்று இறந்தவருக்குச் சொல்லும் வழக்கமான வார்த்தையைச் சொன்னார் துணை மேயர், ஒரு கரண்டி விழுங்கி.

“மன்னிக்கட்டும்,” என்றது கூட்டம்.

“இதுக்குப் பதில் நீ சொல்லணும்,” என்றார் அவர், ஸ்விலெனின் காதில், சிரிப்பு மாறாமல். பிறகு பேச ஆரம்பித்தார்.

“அன்பான குடிமக்களே! கழிப்பறை என்பது ஒரு கட்டடம் அல்ல. கழிப்பறை என்பது ஒரு மனநிலை…”

இருபது நிமிஷப் பேச்சு அது. ஸ்விலென்தான் எழுதிக் கொடுத்திருந்தான். கடைசிப் பத்தியில் தன் பெயருக்கு ஒரு வெற்றிடமும் விட்டிருந்தான். ஆனால் மூன்றாம் நிமிஷத்தில் துணை மேயர் ஒரு பக்கத்தைத் தாண்டினார். நாலாம் நிமிஷத்தில் ‘ஐரோப்பிய தரம்’ என்ற சொல்லைப் பாதியில் விட்டார். எடையை வலது காலிலிருந்து இடது காலுக்கு மாற்றினார். இடது காலிலிருந்து வலது காலுக்கு. ஸ்விலென் மனசுக்குள் கணக்குப் போட்டான். ஒரு பெஞ்சு, ஒரு வேகத்தடை, எத்தனை காபி?

“ஆகவே,” என்றார் துணை மேயர் அவசரமாக. “துறைத் தலைவர் விஷயம்… அது… பிறகு. வாழ்க!” கத்தரிக்கோலை வாங்கி, டோச்சோவின் மோவாய்க்குக் கீழே ரிப்பனை வெட்டினார். கதவு மூன்று விரல் திறந்தது. கேமரா மின்னியது. கைதட்டல். அதன் நடுவே அவர் உதடு அசையாமல் கேட்டார்.

“உள்ள போயிட்டு வந்துடறேன்.”

“போகலாம், ஐயா. ஆனா போக முடியாது.”

“என்ன உளறற?”

“தண்ணி இல்ல.”

“பரவாயில்லப்பா.”

“குழாயும் இல்ல, ஐயா. போனீங்கன்னா… கூட்டம் நிக்கற பக்கமா வரும்.”

துணை மேயர் அவனை ஒரு கணம் பார்த்தார். “அப்ப நான் எதைய்யா திறந்து வச்சேன்?” என்றார். பதிலுக்கு நேரமில்லை. அவர் கண் பூங்காவைச் சுற்றி ஓடி, கஷ்கொட்டை மரத்தில், மின்மாற்றிப் பெட்டியின் மறைவில், போய் நின்றது. கால் தானாக அந்தப் பக்கம் ஓர் அடி வைத்தது.

“மாமா, அங்க போகக்கூடாது,” என்றாள் ரலி, கூட்டத்துக்கே கேட்க. “முள்ளெலி அழுவான். வாங்க, நான் இடம் காட்டறேன்.” அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். பாரம்பரிய உடையில் ஒரு சிறுமி துணை மேயரைக் கைபிடித்து அழைத்துப் போவதைக் கேமரா ஆசையோடு படம்பிடித்தது. குடியிருப்பு மக்களை நேரில் சந்திக்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

மின்கா வீட்டுத் தாழ்வாரத்தில் ஏற்கெனவே ஓர் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் நின்றார்கள்.

“வரிசை,” என்றாள் மின்கா. “ஷூவைக் கழட்டு. இந்தா, டோச்சோவோட செருப்பு.”

“அம்மா, நான் துணை மேய…”

“இதுங்க ரெண்டும் உனக்கு முன்னாடி வந்துச்சு. சின்னவனுக்கு அடக்கத் தெரியாது. உனக்குத் தெரியும். தெரியுமில்ல?”

பொறியாளர் பக்கர்ஜியேவ் செத்தவரின் செருப்பில், கையில் கோதுமைக் கிண்ணத்தோடு, இரண்டு குழந்தைகளுக்குப் பின்னால் ஆடி ஆடி நின்றார். நேரத்தைக் கடத்த ஏதாவது பேச வேண்டியிருந்தது. “உன் அறிக்கையில,” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு, “சம்பவம் பூஜ்யம்னு பார்த்தேன். எப்படிச் சாதிச்ச?”

இந்தக் கேள்விக்கான பதிலை ஸ்விலென் மூன்று வாரமாகக் கண்ணாடி முன் சொல்லிப் பழகியிருந்தான். விழிப்புணர்வு, ஒழுங்குமுறை, முள்ளெலி. அவன் மின்காவைப் பார்த்தான். அவள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“இந்த வீடுதான், ஐயா,” என்றான். “எல்லாரும் இங்கதான் வந்திருக்காங்க. நான் எதையும் சாதிக்கல.”

துணை மேயரின் முறை வந்தது. உள்ளே போனார். வெளியே வந்தபோது அவருக்குள் மறுபடி ஒரு துணை மேயர் இருந்தார். முகம் விரிந்து, தோள் உயர்ந்து, வாசற்படியை அடைத்துக்கொண்டு நின்று, கோதுமைக் கிண்ணத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கையைத் துடைத்தார்.

“அருமையான யோசனை வந்திருக்கு எனக்கு,” என்றார். “இந்த வீட்டையே நகராட்சியின் தற்காலிக வசதி மையம்னு அறிவிச்சிடுவோம். அடுத்த வாரம் இந்த வாசல்லயே ஒரு சின்ன ரிப்பன்…”

“என் வாசல்லயா?” என்றாள் மின்கா. “ரிப்பனா? கத்தரிக்கோலைக் கொண்டா பார்ப்போம்!”

“இந்தம்மாவைச் சம்மதிக்க வைக்கறது உன் பொறுப்பு, ஸ்விலென். கதவுல தாள் ஒட்டினதை நான் மறந்துடறேன். திங்கட்கிழமை அந்த நாற்காலி உன்னுது. என்ன சொல்ற?”

ஸ்விலென் வாயைத் திறந்தான். என்ன சொல்லப்போகிறான் என்று அவனுக்கே நிச்சயமில்லை. சரி என்றுதான் சொல்லியிருப்பான், பதினாறு வருஷப் பழக்கம். அப்போது வெளிவாசலில் கரகரவென்று ஓர் ஓசை. பீர்ப் பெட்டி தரையில் நகரும் ஓசை. யாரோ அதைச் சுவரோடு ஒட்டி வைக்கிறார்கள். எட்டவில்லை.

மணி அடிக்கும் முன்பே அவன் கதவைத் திறந்துவிட்டான். மஞ்சள் தொப்பி போட்ட ஒரு பொடிசு, முழங்கால் இரண்டும் ஒட்டி, கண்ணில் ஐந்தாம் பக்கத்துப் பார்வை. தூக்கினான்; காலணி வாசலிலேயே கழன்று விழுந்தது. தாழ்வாரத்தில் நாலு எட்டு. பாத்ரூம் வாசலில் துணை மேயர், “…ஐரோப்பாவிலேயே முதல்முறையாக…” என்று தொடங்கியிருந்தார்.

“நகருய்யா!” என்றான் ஸ்விலென். சொல்லால் மட்டும் நகர்கிற உடம்பு இல்லை அது. தோளால் ஓர் இடி. பொறியாளர் பக்கர்ஜியேவ் கோட்டு மாட்டும் கொக்கிகளுக்கு நடுவே போய்ச் சாய்ந்தார்; கோதுமை அவர் கழுத்துப் பட்டிக்குள் கொட்டியது.

தாழ்ப்பாள். பிறகு அந்த ஓசை.

துணை மேயர் கழுத்திலிருந்து ஒவ்வொரு மணியாகக் கோதுமையை எடுத்தார், செத்தவருக்கானதைத் தரையில் போடக்கூடாது என்பதால் வாயில் போட்டுக்கொண்டார், வெளியே நடந்தார். கார்க் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. அந்த நாற்காலி திங்கட்கிழமை, வேகத்தடைக்குப் பொறுப்பாக இருந்தவனுக்குப் போனது. சக்கரம் எந்தப் பக்கம் கிறீச்சிடும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மின்கா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். “டேய்!” என்று காரைப் பார்த்துக் கத்தினாள். “டோச்சோவோட செருப்பு!” இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தாள்: நிறுத்து. கார் நிற்கவில்லை. அவருடைய பளபளப்பான ஷூ இரண்டும் வாசலில், பொடிசின் மஞ்சள் காலணிக்குப் பக்கத்தில், வரிசையாக இருந்தன.

“வாளியில தண்ணி தீர்ந்துடுச்சு,” என்றாள் மின்கா அவனிடம், ஜன்னலை மூடியபடி. “சும்மாதான நிக்கற?”

ஸ்விலென் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். பையிலிருந்து சாவி, அறிக்கை, கசங்கிய ஒரு மூக்கு எல்லாம் தரையில் விழுந்தன. ரலி மூக்கைப் பொறுக்கி நீவி, சுவரில் சட்டத்துக்குள் இருந்தவரோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

“அப்பா,” என்றாள். “மறுபடி வருது.”

“தெரியும்,” என்றான் ஸ்விலென், வாளியை எடுத்துக்கொண்டு. “இன்னும் ரெண்டு நிமிஷம் அடக்கு. உனக்கு முன்னாடி ஒருத்தன் இருக்கான்.”